பல்லைத் தொட்டால் இருதயம் ஏன் தடுமாறுகிறது?

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

“பல் போனால் சொல் போகும்” என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. பல்லைப் பிடுங்கும்போது இருதயத் துடிப்பே தாளம் தவறக் கூடும் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா, தோழியரே? சென்ற ஆண்டு வரை நானும் நம்பியிருக்க மாட்டேன். என் தம்பிக்குப் பல் பிடுங்க வேண்டி வந்தபோதுதான் இதைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் தம்பிக்கு எட்டு வயது. டவுன் சிண்ட்ரோம் என்ற நிலையோடு பிறந்தவன். நம் உடலின் செல்களில் 46 குரோமோசோம்கள் இருப்பதாகப் படித்திருக்கிறோம் அல்லவா? அவனுக்கு இருபத்தொன்றாம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கிறது, மொத்தம் 47. இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இருதயத்திலும் ஒரு குறை இருக்குமாம். தம்பிக்கு இருதயத்தின் கீழறைகளுக்கு நடுவேயுள்ள சுவரில் ஒரு துவாரம் இருந்தது. ஒரு வயதில் அறுவை செய்து ஒட்டுப் போட்டு அடைத்தார்கள். அதன் பிறகு அவன் நன்றாகவே இருக்கிறான். வானொலியில் பாட்டுக் கேட்டால் ஆடுவான்; நான் பள்ளியிலிருந்து வந்தால் என் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவான். வாயைத் திற என்றால் மட்டும் திறக்க மாட்டான். அதனால் ஐந்து பற்கள் சொத்தையாகி, ஒரு பக்கக் கன்னம் வீங்கி, இரவெல்லாம் அழத் தொடங்கினான். பல் மருத்துவரிடம் இரண்டு முறை அழைத்துப் போனோம். இரண்டாம் முறை டாக்டரின் விரலைக் கடித்துவிட்டான்! “இவனை முழு மயக்கத்தில் தூங்கவைத்துத்தான் செய்யணும். அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்” என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் ஒரே கலக்கம். “பல்லுப் பிடுங்க எதுக்குடா மயக்க ஊசி? நெஞ்சுல ஓட்டை அடைச்ச புள்ளடா! பாதியில துடிப்பு நின்னு போனா யார் பதில் சொல்றது?” என்று அப்பத்தா அப்பாவைக் கேட்டார்கள். அப்பாவிடம் பதில் இல்லை. அம்மா அழுதுகொண்டே இருந்தார்கள்.

அறுவைக்கு ஒரு வாரம் முன்பு, மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரைப் பார்க்க மதுரைக்குப் போனோம். அவர்கள் ஒரு பெண் டாக்டர். அப்பத்தா கேட்ட அதே கேள்வியை அம்மா கேட்டார்கள். டாக்டர் அம்மா கோபப்படவில்லை. “நிற்கவே நிற்காதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேம்மா. ஆனா தாளம் தப்பினா அந்த நொடியே எனக்குத் தெரியும். ஏன் தப்புதுன்னும் அநேகமாத் தெரியும். தெரிஞ்சா சரி பண்ணலாம்” என்றார்கள். பிறகு, கையில் ரஃப் நோட்டுடன் நின்ற என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அம்மாவுக்குச் சொல்வதைப் போல எனக்கும் சேர்த்து விளக்கினார்கள். அன்று எழுதிக்கொண்டவற்றோடு, பின்னர் நூலகத்தில் தேடியும் எங்கள் அறிவியல் சிஸ்டரிடம் கேட்டும் அறிந்தவற்றைச் சேர்த்து இங்கே தருகிறேன்.

முதலில் இருதயத்தின் தாளத்தைத் தெரிந்துகொள்வோம். விளையாட்டு விழாவில் நாம் அணிவகுத்து நடக்கிறோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் முரசு கொட்டுபவர் ஒருவர். அவர் கொட்டுக்கு எல்லாரும் கால் எடுத்து வைக்கிறோம். இருதயத்தில் முரசு கொட்டுவது வலது மேலறையில் உள்ள சைனோ ஏட்ரியல் கணு என்ற சிறு திசு. ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்ற இருவர் இதைக் கண்டு 1907-இல் உலகுக்கு அறிவித்தார்கள். ஃபிளாக் அப்போது மருத்துவ மாணவராக இருந்தவர் என்பது மாணவிகளாகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி அல்லவா? இந்தக் கணுவில் பிறக்கும் மின்தூண்டல் மேலறைகளில் பரவி, ஏட்ரியோ வென்ட்ரிகுலார் கணு என்ற இரண்டாம் நிலையத்தில் ஒரு கணம் தயங்கி, ஹிஸ் கற்றை வழியாகவும் பர்கின்ஜி நார்கள் வழியாகவும் கீழறைகளுக்குப் போகிறது. பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்திற்கு 60 முதல் 100 துடிப்பு. குழந்தைகளுக்கு இன்னும் வேகம்.

முரசு கொட்டுபவர் சோர்ந்துவிட்டால் என்ன ஆகும்? அணி நின்றுவிடாது. வகுப்புத் தலைவி தானே கை தட்டத் தொடங்குவாள், ஆனால் மெதுவாக. அதுபோல இரண்டாம் கணு நிமிடத்திற்கு 40 முதல் 60 வரை தட்டும். அதுவும் ஓய்ந்தால் கீழறை தானே 20 முதல் 40 வரை தட்டும். படைத்தவரின் ஏற்பாடு எவ்வளவு முன்யோசனை உடையது! இன்னொரு வகைத் தடுமாற்றமும் உண்டு. அவசரக்காரி ஒருத்தி, கொட்டு விழும் முன்பே ஒரு காலை எடுத்து வைத்துவிடுகிறாள். இதுதான் முந்திய துடிப்பு. எப்போதாவது ஒன்று வந்தால் பாதகமில்லை. நம் எல்லாருக்குமே வரும். அவசரக்காரிகள் வரிசையாகச் சேர்ந்துகொண்டு முரசை மதியாமல் ஓடத் தொடங்கினால் அது கீழறைப் படபடப்பு. ஒவ்வொருத்தியும் தன் இஷ்டத்துக்குக் கால் வைத்தால் அணி ஓரடியும் நகராது. எல்லாரும் ஆடிக்கொண்டு மட்டும் இருப்பார்கள். அதுதான் கீழறை நடுக்கம். இருதயம் புழுக்கூட்டம் போல நெளியுமே தவிர, ஒரு சொட்டு இரத்தத்தையும் வெளியே தள்ளாது. சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

சரி, இருதயம் மார்பில் இருக்கிறது. பல் வாயில் இருக்கிறது. ஒன்றைத் தொட்டால் மற்றது ஏன் தடுமாற வேண்டும்?

காரணம் நரம்பு. பல், ஈறு, தாடை, கண், முகம் ஆகியவற்றின் உணர்ச்சிகளை மூளைக்குக் கொண்டு போவது டிரைஜெமினல் எனப்படும் மூன்று கிளை கொண்ட நரம்பு. அதன் இரண்டாம் கிளை மேல்வரிசைப் பற்களுக்கும், மூன்றாம் கிளை கீழ்வரிசைப் பற்களுக்கும் போகிறது. மூளைத் தண்டிலிருந்து கிளம்பி, கழுத்து, நுரையீரல், இருதயம், வயிறு என்று ஊர் சுற்றும் இன்னொரு நரம்பு வேகஸ். இலத்தீனில் வேகஸ் என்றால் அலைந்து திரிவது என்று பொருளாம். இந்த வேகஸ் இருதயத்துக்குச் சொல்லும் ஒரே சேதி, “மெதுவாக!” என்பதுதான். டிரைஜெமினல் கொண்டு வரும் சேதி சில சமயம் மூளைத் தண்டிலேயே வேகஸுக்குக் கைமாறிவிடுகிறது. பல்லை ஆட்டி இழுக்கும் அந்த நொடியில் இருதயம் திடீரென்று வேகம் குறையும். அபூர்வமாகச் சில நொடிகள் நின்றும் போகும். கண் விழியை அழுத்தினாலும் இப்படி நடக்கும் என்பதை ஆஷ்னர், டாக்னினி என்ற இரு மருத்துவர்கள் 1908-இலேயே எடுத்துக் காட்டினார்கள். (தயவு செய்து யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம்!)

இதற்கு நேர் எதிரான காரணமும் ஒன்று உண்டு. மயக்கம் ஆழமாக இல்லாதபோது பல்லை இழுத்தால், தூங்குகிறவருக்கு வலி தெரியாவிட்டாலும் உடலுக்குத் தெரிந்துவிடும். உடனே அட்ரினலின் பெருகும். சண்டைக்கோ ஓட்டத்துக்கோ ஆயத்தமாக்கும் ஹார்மோன் என்று நாம் படித்தோமே, அதுதான். அட்ரினலின் மிகுந்தால் முந்திய துடிப்புகள் தோன்றும். சில மயக்க வாயுக்கள் இருதயத் தசையை அட்ரினலினுக்குக் கூசும்படி செய்துவிடும். அப்போது ஆபத்து இரட்டிப்பாகும்.

இதை எழுதும்போது என் நினைவுக்கு வருபவள் ஹன்னா கிரீனர் என்ற பெண். இங்கிலாந்தில் நியூகாசிலுக்கு அருகிலுள்ள வின்லேட்டன் என்ற ஊரில் இருந்தவள். அவளுக்கு வயது பதினைந்து, என் வயதுதான். கால்விரல் நகம் சதைக்குள் வளர்ந்துவிட்டது. 1848 ஜனவரி 28-ஆம் நாள் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, துணியில் குளோரோஃபாரம் விட்டு முகரவைத்தார்கள். அறுவைக்கு அவள் மிகவும் அஞ்சியிருந்தாள். சில நிமிடங்களுக்குள் அவள் உயிர் பிரிந்துவிட்டது. குளோரோஃபாரத்தால் இறந்ததாகப் பதிவான முதல் மரணம் அவளுடையது. நகம் அகற்றுவது ஒரு பெரிய அறுவையா? பல் பிடுங்குவது போலச் சிறியதுதானே? அதனால்தான் உலகம் அதிர்ந்தது.

அவள் ஏன் இறந்தாள் என்பதில் மருத்துவர்கள் பல்லாண்டுகள் வாதாடினார்கள். மூச்சு முதலில் நிற்கிறதா, இருதயம் முதலில் நிற்கிறதா என்பதே கேள்வி. இந்த வாதம் நம் நாட்டுக்கும் வந்தது. ஐதராபாத் நிஜாமின் பொருளுதவியால் 1888-இலும் 1889-இலும் எட்வர்ட் லாரி என்ற மருத்துவர் இரண்டு குளோரோஃபாரம் ஆய்வுக் குழுக்களை நடத்தினார். ‘மூச்சைக் கவனித்தால் போதும்’ என்பது அவர்கள் கண்ட முடிவு. அந்த ஐதராபாத்தில் மருத்துவம் பயின்று மயக்க மருந்து கொடுப்பதையே தொழிலாக ஏற்ற ரூபாபாய் ஃபர்தூன்ஜி, இத்துறையில் உலகின் முதல் பெண்மணிகளுள் ஒருவராகப் போற்றப்படுகிறார். இதைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அந்த முடிவு பாதி உண்மைதான். 1911-இல் லண்டனில் குட்மன் லெவி, தாமஸ் லூயிஸ் ஆகியோர் பூனைகளை வைத்துச் சோதித்தார்கள். குளோரோஃபாரம் மிகக் குறைவாக இருக்கும்போதே, அதாவது அரைகுறை மயக்கத்திலேயே, கீழறை நடுக்கம் வந்துவிடுவதைக் கண்டார்கள். அட்ரினலின் சேர்ந்தால் இன்னும் எளிதாக வந்தது. பயந்துபோன பெண், அரைகுறை மயக்கம், குளோரோஃபாரம்! ஹன்னாவுக்கு நடந்தது இதுவாகவே இருக்கலாம் என்று பலர் எண்ணுகிறார்கள்.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். மயக்க மருந்தை உலகுக்குத் தந்தவர்களே பல் மருத்துவர்கள்தாம். 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் சிரிப்பூட்டும் வாயுவை முகர்ந்துகொண்டு, தன் சொந்தப் பல்லையே பிடுங்கச் சொன்னார். 1846 அக்டோபரில் பாஸ்டனில் ஈதர் கொடுத்து வலியில்லா அறுவையைப் பலர் முன்னிலையில் காட்டிய வில்லியம் மார்ட்டனும் பல் மருத்துவரே. அப்படி இருந்தும் பல் நாற்காலியில் கொடுக்கும் மயக்கமே வெகு காலம் ஆபத்தானதாக இருந்தது. ஏன் என்று டாக்டர் அம்மாவிடம் கேட்டேன். “பல் டாக்டருக்கும் எனக்கும் ஒரே வாசல்தான் பாப்பா! அவருக்கும் வாய் வேணும், எனக்கும் வாய் வேணும்” என்றார்கள். மூச்சுப் போகும் வழியிலேயே பல் மருத்துவரின் கையும் கருவியும் இரத்தமும் பஞ்சும் இருக்கின்றன. மூச்சு சற்றே அடைபட்டால் இரத்தத்தில் பிராண வாயு குறையும்; கரியமில வாயு ஏறும். இரண்டுமே இருதயத் தாளத்தைக் கெடுப்பவை. இங்கிலாந்தில் தெருவோரப் பல் மருத்துவமனைகளிலும் முழு மயக்கம் கொடுத்துவந்தார்கள். 2001-ஆம் ஆண்டின் முடிவோடு அந்த வழக்கத்தை நிறுத்தி, அவசரச் சிகிச்சை வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளில் மட்டுமே கொடுக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள்.

மருந்துகளும் மாறின. குளோரோஃபாரம் போய், 1956-இல் ஹாலோதேன் வந்தது. தீப்பிடிக்காது, முகர இதமானது என்று எங்கும் பரவியது. ஆனால் அதுவும் இருதயத்தை அட்ரினலினுக்குக் கூசவைப்பது. ஹாலோதேன் கொடுத்துப் பல் பிடுங்கிய குழந்தைகளிடம் தாளப் பிசகு அடிக்கடி காணப்பட்டது. இப்போது பெரும்பாலும் அதன் இடத்தில் செவோஃப்ளூரேன் வந்துவிட்டது. இதில் பிசகு மிகவும் குறைவு. எனினும் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்குச் செவோஃப்ளூரேனை முகரவைக்கும்போது தொடக்கத்திலேயே துடிப்பு மெதுவாவது உண்டு. இதை முன்கூட்டியே எங்களிடம் சொல்லிவிட்டார்கள். சொல்லாமல் இருந்து பின்னால் கேள்விப்பட்டிருந்தால் அம்மாவின் நிலை என்ன ஆகியிருக்கும்!

இனி, தாளம் தப்பினால் மருத்துவர் என்ன செய்வார் என்பதற்கு வருகிறேன். உடனே ஒரு மருந்தை எடுத்து ஊசி போடுவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது தவறு. “பாதிக்கு மேல மருந்தே வேண்டியிருக்காது. தாளம் தப்புறது இருதயம் நமக்கு அனுப்புற தந்தி. தந்தியைக் கிழிச்சுப் போட்டாப் போதுமா? படிக்க வேண்டாமா?” என்றார்கள் டாக்டர் அம்மா. தந்திச் சேவை 2013-லேயே நின்றுவிட்டது. நான் ஒரு தந்தியையும் கண்டதில்லை. ஆனாலும் பொருள் விளங்கியது.

திரையில் கோடு குழம்பினால் அவர் முதலில் தொடுவது நோயாளியின் நாடியைத்தான். சில சமயம் மார்பில் ஒட்டிய கம்பி கழன்றிருக்கும், அவ்வளவே! நாடி உண்மையிலேயே தவறியிருந்தால் அடுத்தது மூச்சு. தம்பிக்குப் பயன்படுத்தியதைப் போலப் பல் அறுவையில் மூக்கு வழியாகவே குழாயை மூச்சுக்குழலுக்குள் செலுத்துவார்கள். அது மடங்கியிருக்கிறதா, இரத்தம் அடைத்திருக்கிறதா, மார்பு இரு பக்கமும் எழும்புகிறதா என்று பார்த்து முழுப் பிராண வாயுவைத் திறந்துவிடுவார். விரல் நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டரை 2020-இல் கொரோனா வந்தபோது நாம் எல்லாரும் அறிந்துகொண்டோம். அதற்கு அடிப்படை வகுத்தவர் ஜப்பானியரான தகுவோ அயோயாகி, ஆண்டு 1974. சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி இரண்டையும் விரலுக்குள் செலுத்தி, இரத்தம் எதை எவ்வளவு விழுங்குகிறது என்று கணக்கிடும் கருவி அது. அறுவை அறையில் உள்ளது ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் ஒலி எழுப்பும். பிராண வாயு குறையக் குறைய ஒலியின் சுருதி இறங்கும். டாக்டர் வேறு பக்கம் திரும்பி மருந்து எடுத்தாலும் காது கேட்டுக்கொண்டே இருக்கும். வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவை அளக்க இன்னொரு கருவி உண்டு. அது 35-க்கும் 45-க்கும் இடையே இருக்க வேண்டுமாம்.

அதே நேரத்தில் பல் மருத்துவரிடம் ஒரு சொல்: “கையை எடுங்க!” பல்லை இழுப்பதால் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டிருந்தால், கையை எடுத்த சில நொடிகளில் துடிப்பு தானே திரும்பிவிடும். திரும்பாவிட்டால் அட்ரோபின் என்ற மருந்து. குழந்தைகளுக்கு எடையில் கிலோவுக்கு 0.02 மில்லி கிராம். தம்பியின் எடை 20 கிலோ; ஆகவே 0.4 மில்லி கிராம். இந்தக் கணக்கை நானே போட்டுக் காட்டினேன். அட்ரோபின் வேகஸின் வாயை அடைத்துவிடும். நம் ஊர் வேலியோரத்து ஊமத்தையில் இருக்கும் நஞ்சும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஊமத்தங்காயைத் தின்றவருக்கு நெஞ்சு படபடத்து வாய் உலர்வது இதனால்தான். நஞ்சே அளவோடு மருந்தாகிறது.

துடிப்பு வேகமாகி, அவசரக்காரிகள் தோன்றினால் வழி வேறு. மூச்சு சரியாக இருந்தால், மயக்கம் போதவில்லை என்று பொருள். மயக்கத்தை ஆழமாக்குவார்கள், பல்லடியில் மரத்துப்போகும் மருந்து போடுவார்கள். முழு மயக்கத்தில் இருப்பவருக்கு மரப்பு ஊசி எதற்கு என்று எனக்கும் ஐயம் எழுந்தது. தூங்குவது மூளை, பல் நரம்பு தூங்குவதில்லை. மரப்பு ஊசி போட்டால் சேதி புறப்படும் இடத்திலேயே நின்றுவிடும். அந்த மருந்துதான் லிக்னோகெயின். சுவீடன் நாட்டவரான நில்ஸ் லோஃப்கிரென் 1943-இல் உருவாக்கியது. ஆனால் பல் மருத்துவர்கள் இரத்தம் அதிகம் கசியாமல் இருக்க அதனுடன் அட்ரினலினும் கலப்பார்கள்; பொதுவாக 80,000-இல் ஒரு பங்கு. அதாவது ஒரு மில்லி லிட்டரில் 12.5 மைக்ரோ கிராம். இது மிகச் சிறிய அளவுதான். எனினும் ஊசி முனை தவறி இரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் அந்தச் சிறிய அளவும் தாளத்தைக் கலைக்கும். ஆகவே ஊசியைப் பின்னிழுத்து, இரத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு மெல்லச் செலுத்துவார்கள்.

எனக்கு மிகவும் வியப்பளித்தது இதுதான். பல்லை மரக்கச் செய்யும் அதே லிக்னோகெயினை நாளத்தில் செலுத்தினால், ஓடும் கீழறைப் படபடப்பையும் அடக்குமாம். இப்போது அமியோடரோன் என்ற மருந்தையே இதற்கு முதலில் எடுப்பார்கள். லிக்னோகெயின் அதற்குத் துணை. தாளத்தைக் கலைக்கக் கூடிய அட்ரினலினோ, இருதயம் நின்றுபோனவருக்கு உயிர் மீட்கும் மருந்து! இரு மருந்துகளுக்கும் இரண்டு முகங்கள். கீழறை நடுக்கம் வந்துவிட்டால் மருந்துக்காகக் காத்திருக்க நேரமில்லை. பல் மருத்துவர் கருவிகளைப் போட்டுவிட்டு, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை மார்பை அழுத்த வேண்டும். மின்னதிர்ச்சிக் கருவியால் ஓர் அதிர்ச்சி கொடுக்க வேண்டும். அந்த அதிர்ச்சி எல்லாருடைய கால்களையும் ஒரு கணம் நிறுத்திவிடும். அந்த அமைதியில் பழைய முரசொலி மீண்டும் கேட்கத் தொடங்கும்.

பெற்றோர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். பிள்ளை சாப்பிடும் எல்லா மருந்துகளையும், இருமல் மருந்தையும் விடாமல், சீட்டோடு காட்ட வேண்டும். விளையாடும்போது மயங்கி விழுந்ததுண்டா, குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென்று இறந்ததுண்டா என்று கேட்டால் மறைக்கக் கூடாது. சில குடும்பங்களில் இருதயத்தின் மின்னோட்டக் கோளாறு பரம்பரையாக வரும். இருதயத்தில் அறுவை நடந்திருந்தால் அந்தத் தாள்கள் வேண்டும். தம்பிக்கு ஒட்டுப் போட்ட துவாரத்தின் ஓரமாகத்தான் ஹிஸ் கற்றை போகிறதாம்! அதனால் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துப் பார்த்துவிட்டே நாள் குறித்தார்கள். பட்டினி விஷயத்தில் இரக்கம் பார்க்கவே கூடாது. ஆறு மணி நேரம் திட உணவு இல்லை என்றால் இல்லைதான்.

அந்த நாளும் வந்தது. விடியற்காலைப் பேருந்தில் போனோம். வழியெல்லாம் தம்பி பன் கேட்டு அழுதான். அவனைப் பார்க்க வைத்துக்கொண்டு நாங்களும் ஒன்றும் சாப்பிடவில்லை. எட்டரை மணிக்கு அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு அறுவை அறை வாசல் வரை போனார்கள். நான் வெளியே பெஞ்சில் அமர்ந்து ஜெபமாலை சொன்னேன். எத்தனையாவது மணியில் இருக்கிறேன் என்பதே மறந்து மறந்து போயிற்று. அப்பா ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றரை மணி நேரம்!

உள்ளே நடந்ததை டாக்டர் அம்மா பிறகு ஒரு தாளைக் காட்டிச் சொன்னார்கள். ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறை நாடியையும் இரத்த அழுத்தத்தையும் குறித்த தாள் அது. நம் கணக்குப் பாட வரைபடத்தாளைப் போலவே இருந்தது. முகமூடி வைத்தபோது துடிப்பு 112. வாயு ஏற ஏற அது 70-க்கு இறங்கியது. எதிர்பார்த்ததுதானே! வாயுவைக் குறைத்து, தாடையைத் தூக்கி மூச்சுவழியைத் திறந்ததும் 96-க்கு வந்துவிட்டது. இரண்டு பற்கள் சிரமமின்றி வந்தன. மூன்றாவது, கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல். அதை அசைத்ததும் துடிப்பு 54! டாக்டர் அம்மா “கையை எடுங்க” என்றார்கள்; பல் மருத்துவர் அந்தக் கணமே கையை எடுத்துவிட்டார். பத்து நொடிக்குள் துடிப்பு ஏறிவிட்டது. மரப்பு ஊசி ஏற்கெனவே போட்டிருந்தும் ஏன் இப்படி? அந்தப் பல்லின் அடியில் சீழ் இருந்தது. சீழ் உள்ள இடத்தில் அமிலத்தன்மை கூடுதல். அமிலத்தில் லிக்னோகெயின் நரம்புக்குள் சரியாக நுழைவதில்லை. (அமிலம், காரம் பாடம் எங்கெல்லாம் வந்து நிற்கிறது பாருங்கள்!) ஆகவே சீழுக்கு அப்பால், தாடையின் பின்புறத்தில் நரம்பு நுழையும் இடத்திலேயே இன்னோர் ஊசி போட்டுச் சற்று நேரம் காத்திருந்தார்கள். பின்பு அந்தப் பல்லும் மற்ற இரண்டும் வந்தன. துடிப்பு அசையவில்லை.

அம்மா அந்தத் தாளில் பள்ளம் விழுந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “அட்ரோபின் போட்டீங்களா டாக்டர்?” என்று நான் கேட்டேன். அவர்கள் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு சிரிஞ்சை எடுத்துக் காட்டினார்கள். ஊசி மூடியோடு, மேலே மருந்தின் பெயர் எழுதிய ஒட்டுடன், 0.4 மில்லி கிராம் அப்படியே இருந்தது. “தயாரா வச்சிருந்தேன். உன் தம்பி கேட்கலை” என்றார்கள்.

அப்போது உள்ளேயிருந்து தம்பியின் அழுகுரல் கேட்டது. அந்தத் தாளின் கடைசிப் புள்ளியில் துடிப்பு 140 என்று இருந்தது. அது என்ன பிசகு என்று நான் பயந்து கேட்டேன். டாக்டர் அம்மா சிரித்துவிட்டார்கள். “அது பிசகில்லை பாப்பா. அவன் பன் கேட்கிறான்!”